பதில்: கூட்டத்தில் காட்டும் சிவப்பு–பச்சைப் படங்கள் எனக்குப் பிரிந்து தெரியவில்லை

ஸீப்ராமீன் கருப் படங்களில் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத் தெரிகின்றன, மாற்றச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது என்கிறீர்கள். தயங்கவே வேண்டாம், நீங்கள் கேட்பது சலுகை இல்லை, தரவைச் சரியாகக் காட்டும் முறை.

ஃபிஜி என்ற பட ஆய்வு மென்பொருளில் அசல் கோப்பைத் திறந்து, சேனல்ஸ் டூலில் சிவப்புச் சேனலை (சிவப்பில் காட்டப்படும் தனி அடுக்கை) மெஜந்தாவாக, அதாவது கருஞ்சிவப்பு–ஊதா கலந்த நிறமாக, மாற்றினால் போதும். பச்சையோடு சேரும் இடம் வெள்ளையாகத் தெரியும். ஆர்ஜிபியாக (சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சேர்ந்த ஒரே வண்ணப் படமாக) சேமித்துவிட்ட படத்துக்கு 'ரீப்ளேஸ் ரெட் வித் மெஜந்தா' என்ற கட்டளை உண்டு. ஆனால் சிவப்பின் மதிப்புகள் நீலத்தின் மேல் எழுதப்படுவதால், அங்கே டாப்பி (செல் கருக்களை நீலமாகக் காட்டும் சாயம்) இருந்தால் போய்விடும்.

மூன்று சேனல் என்றால், கலவைப் படத்தோடு ஒவ்வொன்றையும் தனியாகச் சாம்பல் நிறத்தில் வைப்பதே மேல். மங்கலான சோமைட் (கருவின் உடலில் வரிசையாக அமையும் திசுத் துண்டு) எல்லைகூட எல்லோர் கண்ணுக்கும் பிடிபடும். ஆய்வகக் கையேட்டிலேயே இதைச் சேர்க்கச் சொல்லுங்கள். அடுத்து வருபவர் வாய்திறந்து கேட்க வேண்டியிராது.