எலிக்கு ராத்திரிதான் பகல்

கேள்வி: ராத்திரியில் மட்டும் சாப்பிட்ட எலிகள் அதிக நாள் உயிரோடு இருந்ததாகப் படித்தேன். என் கணவர் தினமும் 11 மணிக்குத்தான் சாப்பிடுகிறார். அப்போ அது நல்லதுதானா?

பதில்: இல்லைங்க, நேர் எதிர். எலி பகலில் தூங்கி ராத்திரியில் ஓடியாடும் பிராணி, அதற்கு ராத்திரி என்பது நமக்குப் பகல் மாதிரி.

நீங்கள் படித்தது அமெரிக்காவில் டல்லாஸில் இருக்கும் ஜோசப் தகஹாஷியின் ஆய்வாக இருக்க வேண்டும். 1990களில் எலிகளில் 'க்ளாக்' என்ற கடிகார மரபணுவைக் கண்டுபிடித்த குழு அவருடையது. 2022இல் வெளியான ஆய்வில், தானியங்கிக் கருவியை வைத்து எலிகளுக்கு வழக்கத்தைவிட 30 சதவீதம் குறைவாகத் தீனி கொடுத்தார்கள். அதைப் பகலும் ராத்திரியுமாகப் பிரித்துக் கொறித்த எலிகளுக்கு ஆயுள் 10 சதவீதம் கூடியது. அதே அளவை ராத்திரியில் மட்டும் தின்றவற்றுக்கு 35 சதவீதம்! இத்தனைக்கும் எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. எனக்கு இன்னும் வியப்பு தீரவில்லை.

காரணம், மூளையில் இருக்கும் தலைமைக் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்து ஓடுகிறது, ஆனால் கல்லீரலுக்கும் தனிக் கடிகாரம் உண்டு, அது சாப்பாட்டு நேரத்தைப் பார்த்துத் தன்னைத் திருப்பிக்கொள்ளும். 11 மணிக்குச் சோறு போனால், மூளை தூங்கு என்கிறது, கல்லீரல் வேலையை ஆரம்பிக்கிறது. அந்த நேரத்தில் இன்சுலினும் பகலில் போல வேலை செய்யாது, சர்க்கரை ரத்தத்திலேயே அதிக நேரம் நிற்கும்.

மனிதர்களின் ஆயுளை இப்படி யாரும் அளந்து பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் 8 மணிக்குள் சாப்பிட வையுங்கள். அவர் சர்க்கரை மாத்திரை எடுப்பவராக இருந்தால் மட்டும், நேரத்தை மாற்றும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.