ஓட்டியவர் பெயரை மாற்றாதீர்கள்: பட்டறைக் கேள்வி பதில்

செந்தூலில் பட்டறை நடத்தி முப்பது வருடத்திற்கு மேல் ஆகிறது. கடிதம் எழுதுகிறவர்களில் பாதிப் பேர் காடியின் நோவைச் சொல்வதில்லை, மனசின் நோவைத்தான் சொல்கிறார்கள். இந்த மாதம் அப்படிப்பட்ட கடிதங்கள் கொஞ்சம் அதிகம்.

கேள்வி: ஐயா, என் காடி 2013 மைவி. போன மாதம் ஜாலான் ஈப்போவில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது பின்னால் வந்தவர் மோதிவிட்டார். ஐந்து நிமிடத்தில் ஒரு இழுவை லோரி வந்தது. "கவலைப்படாதீங்க அக்கா, எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு காடியைக் கொண்டுபோய்விட்டார்கள். இப்போது காடி வைத்திருந்ததற்கு மட்டும் 1,200 வெள்ளி கேட்கிறார்கள். என் தப்பு இல்லையே, நான் கிளேம் செய்தால் என்சிடி (கிளேம் செய்யாதவர்களுக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் கிடைக்கும் தள்ளுபடி) போய்விடுமா? (கெப்போங் வாசகி)

பதில்: தங்கச்சி, முதலில் அந்தத் தாளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். காடியை நகர்த்த மட்டும் அனுமதி கொடுத்தீர்களா, உங்கள் சார்பில் கிளேம் செய்யவும் அனுமதி கொடுத்துவிட்டீர்களா என்பது அதில்தான் இருக்கும். இன்றைக்கே உங்கள் காப்புறுதி நிறுவனத்தின் கிளேம் பிரிவுக்குப் போன் போட்டு, காடி எங்கே நிற்கிறது, எவ்வளவு கேட்கிறார்கள் என்று சொல்லுங்கள். கேட்கும் பணத்துக்கு வரிவரியாகக் கணக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். வாய்க்கணக்குக்குக் காசு கொடுக்க வேண்டாம். மிரட்டினால் போலீஸ் நிலையம் போங்கள்.

கூப்பிடாமல் வரும் இழுவை லோரியைக் கண்டால் எனக்கு வயிறு எரிகிறது. கை நடுங்கிக்கொண்டு ரோட்டோரம் நிற்கும் பெண்ணிடம் பேனாவை நீட்டுவது என்ன தொழில்? முழுக் காப்புறுதி எடுத்தவர்களுக்குப் பெரும்பாலும் 24 மணி நேர இழுவை உதவி உண்டு. அந்த எண்ணைப் போனில் இப்போதே சேமித்து வையுங்கள். "என் இன்சூரன்ஸ் லோரி வந்துக்கிட்டிருக்கு" என்ற ஒரு வார்த்தை போதும், வந்தவர் தானாக விலகுவார். அதுவரை சாவியைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள். எழுதாத பாரத்தில் கையெழுத்துப் போடவே கூடாது.

இனி என்சிடி. தப்பு மற்றவருடையது என்று போலீஸ் விசாரணையில் முடிவாகி, இரண்டு பேருமே முழுக் காப்புறுதி எடுத்திருந்தால், உங்கள் நிறுவனத்திடமே 'நாக் ஃபார் நாக்' முறையில் கிளேம் செய்யலாம். என்சிடியில் ஒரு காசு குறையாது. அவர் வெறும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் வைத்திருந்தால் இந்த வழி கிடையாது. அவருடைய நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும், நாளாகும். எந்த வழியானாலும் விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் செய்திருக்க வேண்டும். காடி பட்டறையில் கிடக்கிற நாட்களுக்கும் எதிர்த்தரப்பு நிறுவனத்திடம் இழப்பீடு கேட்கலாம். பலருக்கு இது தெரியாது, கேட்காதவர்களுக்கு யாரும் தேடிவந்து தருவதும் இல்லை.

ஒரு செலவுக்குத் தயாராக இருங்கள். பழைய காடியில் புதுச் சாமான் போட்டால் அதன் விலையில் ஒரு பங்கை உடைமைக்காரர்தான் கட்ட வேண்டும். 'பெட்டர்மெண்ட்' என்பார்கள். ஐந்து வயதுக் காடிக்கு 15 விழுக்காட்டில் தொடங்கி, பத்து வயதுக்கு மேல் 40 விழுக்காடு வரை போகும். உங்கள் மைவிக்கு 1,000 வெள்ளிக்குப் பின் பம்பரும் விளக்கும் புதிதாகப் போட்டால் 400 வெள்ளி உங்கள் கையிலிருந்து போகும். பட்டறைக்காரர் ஏமாற்றுகிறார் என்று நினைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள். அடுத்த முறை காப்புறுதி புதுப்பிக்கும்போது, இந்தத் தொகையைத் தள்ளுபடி செய்யும் கூடுதல் பாதுகாப்பு உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: மகனுக்கு வயது 19, 'பி' லைசென்ஸ் (புது ஓட்டுநர் உரிமம்). என் காடியை எடுத்துப்போய்த் தூணில் இடித்துவிட்டான். பாலிசியில் அவன் பெயர் இல்லை. "நீங்கதான் ஓட்டினீங்கன்னு சொல்லிடுங்க, சுலபமா முடிஞ்சிடும்" என்கிறார் ஒருவர். சொல்லலாமா? (பத்துமலை வாசகர்)

பதில்: சொல்லாதீர்கள் ஐயா. உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், சொல்லாதீர்கள்.

இதில் எவ்வளவு பணம் மிச்சம் என்று கணக்குப் பார்ப்போம். பாலிசியில் பெயர் இல்லாதவரோ, 21 வயதுக்குக் குறைந்தவரோ, 'பி' லைசென்ஸ்காரரோ ஓட்டியிருந்தால் வழக்கமாக 400 வெள்ளியை நீங்கள் கட்ட வேண்டும், மீதியை நிறுவனம் பார்த்துக்கொள்ளும். அந்த 400 வெள்ளிக்காக நீங்கள் போலீஸ் நிலையத்தில் உட்கார்ந்து பொய்ப் புகார் எழுதப் போகிறீர்கள். அது குற்றவியல் சட்டம் 182வது பிரிவில் வரும் குற்றம். கார் நிறுத்துமிடத்துக் கேமரா ஒன்று போதும். கிளேம் முழுதாக நிராகரிக்கப்படும், வழக்கும் வரும்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இதுதான் நடந்தது. அப்பா பழியை ஏற்றுக்கொண்டார். காப்புறுதி நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் வந்து ஓட்டுநர் இருக்கையைப் பார்த்தார். ஸ்டீயரிங்குக்கு ஒட்டினாற்போல் முன்னால் இழுத்துவிட்டிருந்தது. அப்பா ஆறடி உயரம், மகள் ஐந்தடிக்கும் குறைவு. அவர் ஒன்றும் கேட்கவில்லை, இருக்கையைப் படம் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான்.

தூணில் இடித்தது உங்கள் பக்கத் தவறு என்பதால் கிளேம் செய்தால் என்சிடி போகும், அது உண்மை. ஐந்து வருடம் கிளேம் இல்லாமல் 55 விழுக்காட்டுக்கு ஏறியிருந்தால், சுழியத்திலிருந்து தொடங்கி மறுபடி 25, 30 என்று ஏற வேண்டும். ஆகவே முதலில் பட்டறையில் செலவைக் கேளுங்கள். 800, 900 வெள்ளியில் முடிகிற வேலை என்றால் கைக்காசில் செய்வதுதான் லாபம். மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். எவ்வளவு ஆகிறது என்று அவன் காதால் கேட்கட்டும். திட்ட வேண்டாம். அடுத்த புதுப்பிப்பில் அவன் பெயரைச் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் இருக்கிறோம். 2021 டிசம்பரில் காடி முழுகியது. முழுக் காப்புறுதி இருந்தும் காசு வரவில்லை. 'முழு' என்றால் என்னதான் அர்த்தம்?

பதில்: உங்கள் வேதனை நியாயமானது. அந்த வாரம் உங்கள் பக்கத்திலிருந்து வந்த காடிகளின் கதவைத் திறந்தபோது வந்த சேற்று நாற்றம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. சாதாரண முழுக் காப்புறுதியில் வெள்ளம், மண்சரிவு, புயல் சேராது. 'ஸ்பெஷல் பெரில்ஸ்' என்ற கூடுதல் பாதுகாப்பைத் தனியாகக் காசு கட்டி எடுக்க வேண்டும். உங்கள் வட்டாரத்தில் அது இல்லாமல் ஒரு வருடம்கூட ஓட்டாதீர்கள்.

இன்னொன்று. தண்ணீர் ஏறிய காடியை 'ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்' என்று சாவியைத் திருகாதீர்கள். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். கழுவிக் காயவைத்துப் பிழைத்திருக்க வேண்டிய இஞ்சினை அந்த ஒரு திருகல் கொன்றுவிடும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, இழுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

கேள்வி: என் காடி 2003 வீரா. ஜேமில் நின்றால் சூட்டு முள் ஏறுகிறது, ஓட ஆரம்பித்தால் இறங்குகிறது. இரண்டு நாளுக்கு ஒருமுறை பைப்புத் தண்ணீர் ஊற்றுகிறேன். வாட்டர் பம்ப் மாற்றச் சொல்கிறார் போர்மேன். மாற்றலாமா? (ரவாங் வாசகர்)

பதில்: பொறுங்கள். நிற்கும்போது ஏறி, ஓடும்போது இறங்கினால் முதலில் பார்க்க வேண்டியது மின்விசிறியை. ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிரவைத்துவிடும். நின்றால் விசிறிதான் கதி. ஏர்கோனை நிறுத்திவிட்டு இஞ்சினை ஓடவிட்டு, முள் ஏறும்போது விசிறி சுழல்கிறதா என்று கண்ணால் பாருங்கள். சுழலாவிட்டால் மோட்டார், ரிலே, பியூஸ், சூட்டு சுவிட்ச், இவற்றில் ஒன்று. பம்ப்பை விட மலிவாக முடியும். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது முள் ஏறினால்தான் ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், பம்ப் என்று தேட வேண்டும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்துவது அந்தப் பைப்புத் தண்ணீர். இரண்டு நாளைக்கு ஒருமுறை ஊற்றுகிறீர்கள் என்றால் தண்ணீர் எங்கே போகிறது? காலையில் காடியை எடுக்கும் முன் தரையில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எண்ணெய் மூடியைத் திருகி அதன் உள்பக்கத்தைப் பாருங்கள். மைலோவில் கண்டன்ஸ்ட் பாலைக் கலக்கினாற்போல் பழுப்பு வெள்ளையாக ஒட்டியிருந்தால் தண்ணீரும் எண்ணெயும் கலந்திருக்கலாம், ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட வேண்டும். அதோடு ரவாங்கிலிருந்து கேஎல்லுக்கு ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். சரிசெய்த பிறகு கூலண்ட் ஊற்றுங்கள். பைப்புத் தண்ணீர் உள்ளே துருவை உண்டாக்கி, நாளடைவில் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைத்துவிடும்.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய் ஒரே மூச்சில் கொதித்து மேலே பீறிடும். என் இடது முன்கையில் இன்றும் ஒரு வெள்ளைத் தழும்பு உண்டு. வேலை பழகிய காலத்தில், துணியைப் போட்டுத் திறந்தால் ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். அரை மணி நேரம் ஆறவிடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, நாற்பது வருடம் லோரி ஓட்டியவர். சர்க்கரை நோய்க்கு மாத்திரையும் இன்சுலினும் எடுக்கிறார். என் பிள்ளையைத் தமிழ்ப் பள்ளிக்குக் காடியில் கொண்டுபோய் விடுவது அவர்தான். போன வாரம் வேர்த்து, கை நடுங்கி, ரோட்டோரம் நிறுத்திவிட்டாராம். பிள்ளை சொல்லித்தான் தெரிந்தது. சாவியை வாங்கிக்கொண்டால் மனம் உடைந்துவிடுவார். என்ன செய்வது? (கிள்ளான் வாசகி)

பதில்: அம்மா, உங்கள் அப்பா ரோட்டோரம் நிறுத்தினார் பாருங்கள், அதுவே அவர் நல்ல டிரைவர் என்பதற்குச் சாட்சி. அந்த இடத்திலிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.

என் அண்ணன் நிறுத்தவில்லை. அவரும் லோரிக்காரர்தான். இரண்டு வாரமாகத் தலை கிறுகிறுத்ததை வீட்டில் யாரிடமும் மூச்சுவிடவில்லை, சொன்னால் வேலை போய்விடும் என்று பயம். ஒரு நாள் காலை நடுத்தடுப்பில் ஏற்றிவிட்டார். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சர்க்கரை 2.9 (மிமோல்/லிட்டர்), ரொம்பக் குறைவு. கடவுள் புண்ணியத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் ஸ்டீயரிங்கைத் தொடவே இல்லை. இரண்டு வாரத்துக்கு முன்பே சொல்லியிருந்தால், மருந்தளவை மாற்றி இன்னும் சில வருடம் ஓட்டியிருப்பார் என்று டாக்டரே சொன்னார்.

நான் டாக்டர் இல்லை. அண்ணனின் டாக்டரிடமிருந்து கற்றதைச் சொல்கிறேன். இன்சுலினும், கிளிக்கிளசைட் போன்ற சில மாத்திரைகளும் சர்க்கரையை ரொம்பக் கீழே இறக்கிவிடலாம். மெட்ஃபோர்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தப் பயம் குறைவு. காடி எடுக்கும் முன் விரலில் குத்திப் பார்க்க வேண்டும். ஐந்துக்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்ட பிறகுதான் சாவி. தூரப் பயணமென்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். வழியில் வேர்த்தால், நடுங்கினால், திடீரென்று கோபம் வந்தால், கண் மங்கினால், ஓரம் கட்டி இஞ்சினை நிறுத்திவிட்டு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை. 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, பிறகு ரொட்டியோ பிஸ்கட்டோ. சர்க்கரை சரியான பிறகும் முக்கால் மணி நேரம் ஓட்டக் கூடாது, ஏனென்றால் மூளை தெளிய அவ்வளவு நேரமாகும்.

இந்த வாரமே கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்) அவரோடு நீங்களும் போங்கள். "இவர் ஓட்டலாமா?" என்று டாக்டரிடமே கேளுங்கள். மகள் சொன்னால் கௌரவம் குறுக்கே நிற்கும், டாக்டர் சொன்னால் கேட்பார். டாக்டர் சரி என்கிற வரைக்கும் பிள்ளையைப் பள்ளி வேனில் அனுப்புங்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கண்ணையும் சோதிக்கச் சொல்லுங்கள். எதிரே வரும் விளக்கு பூப்போல விரிந்து கண்ணைக் கூசுகிறது என்றால் கண்புரையாக இருக்கலாம், அறுவை செய்தால் சரியாகும். வாகன உரிமத்துக்கு நோயை அறிவிக்க வேண்டும் என்று 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்திலேயே இருக்கிறது, மறைப்பது நல்லதில்லை.

வீட்டில் அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். காடியின் டயர் காற்று, எண்ணெய், கூலண்ட் மூன்றையும் வாரம் ஒருமுறை அவர்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். நாற்பது வருடம் பார்த்த கை அது.

கேள்வி: இரவில் இ-ஹெய்லிங் ஓட்டுகிறேன். சளிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டலாமா? (செராஸ் வாசகர்)

பதில்: 'பிரிட்டோன்' (Piriton) போன்ற பழைய வகைச் சளி மாத்திரை தூக்கம் தரும். ஒன்று போட்டாலும் கண் சொக்கும், மறுநாள் காலையிலும் மந்தம் இருக்கும். மருந்துக் கடையில் "டிரைவர்" என்று சொல்லித் தூக்கம் வராத வகையைக் கேளுங்கள். அந்த இரவு ஓட்டம் வேண்டாம், தம்பி. தூங்குங்கள்.