பேசுவதால் என்ன மாறும்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு வயது இருபத்து மூன்று. படிப்பை முடித்து வேலையில் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. சில மாதங்களாக எதிலும் மனம் ஒட்டவில்லை. இரவு மூன்று மணிவரை விழித்திருக்கிறேன்; காலையில் எழுந்தால் அன்றைய பொழுதை நினைத்தே உடல் கனக்கிறது. வீட்டில் சொன்னால் கலங்கிப்போவார்கள் என்பதால் எல்லாம் நலம் என்றே சொல்லி வருகிறேன். காலையில் விழிக்காமலே போய்விட்டால் நன்றாயிருக்கும் என்றுகூடச் சில இரவுகளில் தோன்றுவதுண்டு. நண்பன் ஒருவன் உளவியல் ஆலோசகரைப் பார்க்கச் சொல்கிறான். முன்பின் தெரியாத ஒருவரிடம் வாரம் ஒருமுறை பேசுவதால் என்ன மாறிவிடும்? நண்பனிடம் பேசுவதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு? எனக்கு இருப்பது நோயா, வெறும் சோம்பலா என்பதே தெரியவில்லை.

பெயர் வெளியிட வேண்டாம்.

ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் எழுதப்பட்டிருக்கும் ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன். விழிக்காமலே போய்விட்டால் நன்றாயிருக்கும் என்ற எண்ணம் வந்ததற்காக நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதைத் தனியாகச் சுமக்கக் கூடாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கணக்கின்படி, 15 முதல் 29 வயது வரையிலானவர்களின் இறப்புக்கான காரணங்களில் தற்கொலை மூன்றாவது இடத்தில் இருக்கிறது. ஆகவே அந்த வரியை உங்கள் நண்பனிடம் இன்றே சொல்லிவிடுங்கள். அந்த எண்ணம் ‘எப்படி’ என்ற யோசனையை நோக்கி ஓர் அடி நகர்ந்தாலும், ஆலோசகரின் நேரம் கிடைக்கட்டும் என்று காத்திராமல், அவனை உடன் அழைத்துக்கொண்டு உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். அல்லது தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணில் பேசுங்கள்.

நோயா சோம்பலா என்று கேட்டிருக்கிறீர்கள். நோயைக் கண்டறிவது என் வேலையல்ல. எனினும் சோம்பல் என்ற சொல் இங்கே பொருந்தவில்லை என்று உறுதியாகச் சொல்வேன். சோம்பியிருப்பவர் செய்யாமல் விட்ட வேலைக்கு ஈடாக ஓய்வையாவது அனுபவிப்பார். உங்களுக்கு வேலையும் ஓடவில்லை, ஓய்வும் வாய்க்கவில்லை. நாளின் பெரும்பகுதி மனம் சோர்ந்தோ எதிலும் நாட்டமின்றியோ இரண்டு வாரங்கள் நீடித்து, உறக்கமும் குலைந்திருந்தால், அது மனச்சோர்வு நோயா என்று மருத்துவர்கள் ஆராய்வார்கள். உங்களுக்கோ மாதங்கள் ஆகிவிட்டன. தைராய்டுக் குறைபாடும் இரத்தசோகையும் இதே போன்ற களைப்பைத் தரக்கூடும் என்பதால் ஒரு பொது மருத்துவரையும் பார்த்துவிடுங்கள்.

இந்த வயதில் இது வருவது அரிதல்ல. அமெரிக்காவில் ரொனால்ட் கெஸ்லரும் அவருடைய குழுவினரும் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வு, வாழ்நாளில் மனநலச் சிக்கலுக்கு உள்ளாகிறவர்களில் பாதிப்பேருக்கு அது 14 வயதுக்குள்ளும், முக்கால்வாசிப்பேருக்கு 24 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுவதைக் காட்டியது. திட்டமிடவும் உணர்ச்சியை ஆளவும் உதவும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதிவரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. அதே ஆண்டுகளில்தான் பாடத்திட்டமும் தேர்வுகளும் வகுத்துத்தந்த ஒழுங்கு திடீரென்று விலகி, எந்த வேலை, யாருடன் வாழ்வு, நான் யார் என்ற கேள்விகள் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கின்றன.

நண்பனிடம் பேசுவதற்கும் ஆலோசகரிடம் பேசுவதற்கும் உள்ள வேறுபாட்டை உங்களையறியாமல் நீங்களே எழுதிவிட்டீர்கள். ‘வீட்டில் சொன்னால் கலங்கிப்போவார்கள்’ என்கிறீர்கள். நம்மீது அன்புள்ளவர்களிடம் துயரத்தைச் சொல்லும்போது, சொல்வதில் பாதியும் கேட்பவர் முகத்தைப் பார்ப்பதில் பாதியுமாக நம் கவனம் பிரிந்துவிடுகிறது. அம்மாவின் கண் கலங்கினால் மீதியைக் குறைத்துச் சொல்கிறோம். நண்பன் சங்கடப்பட்டால் பேச்சை மாற்றுகிறோம். அவனுக்கும் ஒரு பாரம் இருப்பது தெரிந்தால் நம்முடையதை விழுங்கிவிடுகிறோம். ஆலோசகரின் அறையில் நீங்கள் காக்க வேண்டிய இன்னொருவர் இல்லை. நீங்கள் சொல்வதைக் கேட்டு அவர் தூக்கமிழந்துவிடுவாரோ என்று அஞ்ச வேண்டியதில்லை. மறுநாள் வீட்டுக்கூடத்தில் அவரை எதிர்கொள்ள வேண்டியதில்லை. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளைத் தவிர, கேட்டதை வெளியே சொல்லாதிருப்பது அவருடைய தொழிற்கடமை. அந்த விதிவிலக்குகள் எவையென்று முதல் அமர்விலேயே கேட்டுக்கொள்ளலாம். முன்பின் தெரியாதவர் என்பதை நீங்கள் குறையாகச் சொல்கிறீர்கள். உங்களுக்கு இப்போது தேவைப்படுவது அத்தகைய ஒருவரே என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் கேட்டுக்கொள்வது மட்டுமே சிகிச்சையாகாது. 1960களின் தொடக்கத்தில், ஆழ்மனத்தை ஆராயும் உளப்பகுப்பாய்வு முறையில் பயிற்சி பெற்ற ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், மனச்சோர்வுற்றவர்கள் வாய்விட்டுச் சொல்வதற்கு அடியில் இன்னொரு எண்ண ஓட்டம் இருப்பதைக் கவனித்தார். நொடியில் தோன்றி மறையும் அவற்றைத் தானியங்கு எண்ணங்கள் என்றார். மேலதிகாரி மின்னஞ்சலுக்குப் பதில் எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘நான் எதற்கும் தகுதியற்றவன் என்று கண்டுகொண்டார்’ என்று ஓர் எண்ணம் மின்னுகிறது; அது எண்ணம் என்றே தெரிவதில்லை, செய்தி போலத் தோன்றுகிறது. அன்று மாலை வேலையைத் தள்ளிப்போடுகிறீர்கள். மறுநாள் அந்தத் தாமதமே தகுதியின்மைக்குச் சான்றாகிவிடுகிறது. நண்பன் இதைக் கேட்டால் ‘சேச்சே, அப்படியெல்லாம் இல்லை’ என்பான். அந்த ஆறுதல் ஒரு மணிநேரம் நிற்கும். ஆலோசகர் மறுக்கவும் மாட்டார், ஆமோதிக்கவும் மாட்டார். அந்த முடிவுக்கு எப்படி வந்தீர்கள், வேறு காரணம் இருக்க முடியுமா, இந்த வாரம் அதை எப்படிச் சோதித்துப் பார்க்கலாம் என்று கேட்பார். நீங்கள் சோதித்துவிட்டு வந்து அடுத்த வாரம் சொல்வீர்கள். இதிலிருந்து வளர்ந்ததே அறிதல்–நடத்தை சிகிச்சை. பெரும்பாலும் 12 முதல் 20 அமர்வுகளில் முடிவது. மனம் சரியான பிறகு செயல்படலாம் என்று காத்திருக்கும் சுழலை, முதலில் சிறு செயல், பின்னர் மனம் என்று திருப்பிவிடும் பயிற்சியும் இதனோடு சேர்ந்து வரும். படுக்கையில் கனத்துக் கிடக்கும் காலைப்பொழுதுக்கு அது மிகவும் பயன்படும்.

உங்களைப் பொறுத்தவரை இன்னொரு வழியையும் சொல்லத் தோன்றுகிறது. ஜெரால்ட் கிளெர்மன், மிர்னா வைஸ்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1970களில் உருவாக்கிய ஆளிடை உறவுச் சிகிச்சை, மனச்சோர்வோடு பின்னிக்கிடக்கும் வாழ்க்கை மாற்றங்களை நேரடியாக எடுத்துப் பேசுகிறது. மாணவராயிருந்தவர் ஊழியராவது ஒரு முன்னேற்றமாகவே கொண்டாடப்படுகிறது. அதில் ஓர் இழப்பும் இருக்கிறது என்பதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். தினமும் பார்த்த முகங்கள், முயற்சிக்கு உடனே மதிப்பெண் கிடைத்த ஓர் உலகம், இவற்றுக்காக வருந்த உங்களுக்கு உரிமை உண்டு.

முதல் ஆலோசகர் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். நான் இருபத்தாறு வயதில் முதன்முதலில் சென்றவர், என் பேச்சை இடைமறித்து அறிவுரை சொல்லிக்கொண்டே இருந்தார். சிகிச்சை என்றாலே இதுதான் என்று முடிவுகட்டி ஓராண்டு எங்கும் போகாமல் இருந்தேன். அந்த ஓராண்டை எண்ணி இன்றும் வருந்துகிறேன். இரண்டாவதாகச் சென்றவரிடம்தான் எனக்குப் பேச்சு வந்தது. எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979இல் எழுதிய கட்டுரையில், சிகிச்சையைத் தாங்கும் கூட்டுறவை மூன்றாகப் பிரித்தார்: எதை நோக்கிப் போகிறோம் என்பதில் உடன்பாடு, எப்படிப் போகிறோம் என்பதில் உடன்பாடு, இருவருக்குமிடையே நம்பிக்கை. மூன்று நான்கு அமர்வுகளுக்குப் பின்னும் இவை கூடிவரவில்லை என்றால் அதை அவரிடமே வெளிப்படையாகச் சொல்லுங்கள். நல்ல ஆலோசகர் அதை அவமதிப்பாகக் கொள்ளாமல் தன் முறையை மாற்றுவார், அல்லது வேறொருவரிடம் அனுப்புவார்.

சிகிச்சை உங்கள் மேலதிகாரியையோ வேலைச்சூழலையோ மாற்றாது. சில வாரங்கள் முன்னிலும் கனமாக இருக்கலாம். மனச்சோர்வு கடுமையாக இருந்தால் மனநல மருத்துவர் மருந்தும் தரக்கூடும்; பேச்சும் மருந்தும் சேர்ந்து செல்வது வழக்கமானதே.

முதல் அமர்வில் எங்கே தொடங்குவது என்று திகைக்க வேண்டாம். எனக்கு எழுதிய இந்தக் கடிதத்தை, அந்த ஒரு வரியையும் விடாமல், அங்கே வாசித்துக் காட்டுங்கள். மற்றதை அவர் கேட்டுக்கொள்வார். அதற்கு முன், நண்பனிடம் சொல்லிவிட்டேன் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்.