ஓவியம் படிக்காதவர்கள் ஓவியத்தைப் பற்றிப் பேசலாமா? சாமி காலண்டரைச் சட்டம் போட்டு மாட்டுவது ரசனைக் குறைவா?

முதல் கேள்விக்கு, பேசலாம். இரண்டாவதற்கு, இல்லை. யாரோ உங்கள் வீட்டுக் கூடத்தைப் பார்த்து முகம் சுளித்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைக்கிறேன். அநேகமாக நெருங்கிய சொந்தமாகத்தான் இருக்கும். படத்துக்குச் சட்டம் போட்டே சோறு தின்கிறவள் நான். அதனால் இரண்டு வரியோடு நிறுத்த மனம் வரவில்லை.

பிறந்தது கோவில்பட்டி. வாழ்க்கைப்பட்டு வந்தது தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த். மாமனார் வைத்த பிரேம் கடையை இப்போது நான் நடத்துகிறேன். கோவில்பட்டி என்றதும் எல்லாரும் கடலைமிட்டாயைக் கேட்பார்கள். கொண்டையராஜுவை ஒருவரும் கேட்பதில்லை. சி. கொண்டையராஜு (1898–1976) நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதியவர். பிறகு எங்கள் ஊரில் தங்கி, அவரும் சீடர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகி, காலண்டராகத் தமிழர் வீடுகளுக்கெல்லாம் போயின. அந்தப் படங்களில் சாமிக்குப் பின்னால் இருக்கும் தூணையும் படியையும் மலையையும் ஒருமுறை நாடக மேடை என்று நினைத்துப் பாருங்கள். எல்லாரும் சபையைப் பார்த்தே நிற்பது ஏன் என்று உடனே விளங்கும். இதைக் கண்டுபிடிக்க எந்தக் கல்லூரிக்கும் போக வேண்டியதில்லை.

இந்த நாட்டு வீடுகளில் சாமி படத்துக்குப் போட்டியாகத் தொங்கியது பச்சை முகச் சீனப்பெண். அன்றைய ரஷ்யப் பேரரசில் பிறந்து 1946இல் கேப் டவுனுக்கு வந்து சேர்ந்த விளாதிமிர் ட்ரெச்சிகாஃப் வரைந்தது. விமர்சகர்கள் அவரைக் காறித் துப்பினார்கள். ஜனங்கள் அச்சுப் பிரதியை வாங்கி மாட்டிக்கொண்டே இருந்தார்கள்.

போன வருடம் ஒரு பெண் தன் அவ்வாவின் வீட்டைக் காலி செய்தபோது கிடைத்த அந்தப் படத்தைக் கொண்டுவந்தாள். கூட வந்த தம்பி வடிவமைப்புப் படிக்கிறவன். "பிரேம் நன்றாக இருக்கிறது ஆன்ட்டி, படத்தைக் குப்பையில் போடுங்கள்" என்றான். "நாங்கள் பொய் சொன்னால், அந்த அம்மாள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று அவ்வா மிரட்டுவார்" என்றாள் அக்கா. தன் படத்துக்காகக் காத்திருந்த ஒரு தாத்தா எட்டிப் பார்த்து, "பெண்ணுக்கு ஈரல் கெட்டிருக்கிறது, நிறத்தைப் பார்" என்றார்.

படத்தை மேசையில் கிடத்தி, அடிப்பகுதியைப் பார்க்கச் சொன்னேன். முகம் இமைவரை இழைத்து வரைந்தது. கழுத்துக்குக் கீழே பொன்மஞ்சள் சட்டை பாதி தூரம் வந்து நின்றுவிடுகிறது. அதன் பிறகு வெறும் கோடு. "பேசிய கூலி அவ்வளவுதான் போலிருக்கிறது" என்றார் தாத்தா. பையன் மட்டும் குனிந்தவன் நிமிரவில்லை. "முகம் பச்சையாக இருப்பதால்தான் உதட்டுச் சிவப்பு இப்படி எரிகிறது" என்றான். அதன் பிறகு சாப்பாட்டு நேரம்வரை அவன் வாய் மூடவில்லை. மாடலாக இருந்த மோனிகா பான்-சூ-சான் கேப் டவுனில் மாமாவின் சலவைக்கடையில் வேலை செய்த பெண் என்று நான் சொன்னதும், "அவ்வாவும் துணித் தொழிற்சாலையில்தான் இருந்தார்" என்றாள் அக்கா. மூலப் படம் 2013இல் லண்டன் ஏலத்தில் கிட்டத்தட்ட 10 லட்சம் பவுண்டுக்குப் போனது என்பதைக் கடைசியில்தான் சொன்னேன். விலையை முதலில் சொல்லியிருந்தால் படத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ட்ரெச்சிகாஃபும் டச்சு ஓவிய மேதை ரெம்பிராண்டும் ஒன்றா என்று சண்டைக்கு வர வேண்டாம். நான் அப்படிச் சொல்லவில்லை. படிப்பு வீண் என்றும் சொல்லவில்லை. பச்சையையும் சிவப்பையும் பிரித்துச் சொன்னவன் படிக்கிற பையன்தான். சுவரில் தொங்குவதெல்லாம் கலை என்பதும் என் கட்சி இல்லை. கணினியில் செய்த ஆறு விரல் முருகனை அச்செடுத்துக்கொண்டு வருகிறவர்கள் இப்போது நிறைய. பிழைப்பு, சட்டம் போட்டுத் தருகிறேன். விரலை எண்ணிக் காட்டிவிட்டுத்தான் தருகிறேன். டர்பன் நகர மண்டபத்து மாடியில் கலைக்கூடம் இருக்கிறது, போனால் அங்கும் நான் இப்படித்தான் பார்க்கிறேன்: எதை இழைத்திருக்கிறார்கள், எதை விட்டிருக்கிறார்கள். பக்கத்தில் நிற்கிறவரிடம் வாய்விட்டுச் சொல்லியும் விடுவேன். சிலர் நகர்ந்து போவார்கள், போகட்டும்.

எனக்கு வயிறு எரிவது வேறு விஷயத்தில். முன்பணம் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் திரும்பி வருவதே இல்லை. செத்துப்போன தாத்தா படத்தைப் பதினாறாம் நாளுக்குள் வேண்டும் என்று உயிரை வாங்குவார்கள். விசேஷம் முடிந்ததும் போனை எடுக்க மாட்டார்கள். கடைச் சுவரில் பாதி, ஊரார் வீட்டு முன்னோர்கள். தூக்கிப் போடவும் முடியவில்லை, பொட்டு வைக்கவும் எனக்கு உரிமையில்லை. ரசனை பற்றி வகுப்பெடுக்கிற வாடிக்கையாளர்களும் இதில் சேர்த்தி.

உங்கள் காலண்டர் படத்துக்கு வருகிறேன். தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே, படம் தெரியும்படி சன்னல்போல் வெட்டிய மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். கடலோர ஊரானால் ஈரத்தில் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு உரித்தால் சாமி முகம் கண்ணாடியோடு வந்துவிடும். நேர் வெயில் படும் சுவர் வேண்டாம், சிவப்புதான் முதலில் வெளுக்கும். சட்டம் தயார் என்று கடைக்காரர் போன் செய்தால் அன்றைக்கே போய் வாங்கிக்கொள்ளுங்கள்.