நிலாப் பாட்டி எத்தனை படி உளுந்து ஊறப்போட்டாள்?

கேள்வி: பெரம்பூரில் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். எட்டாவது படிக்கும் மகளும் நானும் பிபிசியின் 'டாக்டர் ஹூ' அறிவியல் புனைவுத் தொடரை, 2005-இல் மறுபடி தொடங்கிய சுற்றின் முதல் சீசனிலிருந்து வரிசையாகப் பார்த்து வருகிறோம். ஞாயிறு இரவு சாப்பிட்டு முடித்ததும் ஒன்று. போன வாரம் 'கில் த மூன்' வந்தது. நிலா ஒரு முட்டை என்றதும் சிரித்துவிட்டேன். சிலந்தி மாதிரி கிருமி, மியூசியத்திலிருந்து எடுத்து வந்த ஸ்பேஸ் ஷட்டில் என்று கடைசிவரை குறை சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆனால் முடிவில் கிளாரா டாக்டரைத் திட்டும் இடத்தில் எனக்கே கண் கலங்கியது. மகள் அதைக் கவனிக்கவில்லை. "எப்பப் பாரு கணக்கு, கணக்கு! இனிமே உன்கூட உக்காந்து பாக்க மாட்டேன் போ" என்று எழுந்து போய்விட்டாள். காலத்தில் பயணிக்கும் நீலப் பெட்டியை நம்பிய எனக்கு இந்த முட்டை மட்டும் ஏன் தொண்டையில் சிக்கியது? இதைப் பள்ளி அறிவியல் மன்றத்தில் போட்டுக் காட்டலாமா? அல்லது கணவர் சொல்வதுபோல் தொடரையே விட்டுவிடலாமா?
— பெயர் வேண்டாம், பெரம்பூர்

பதில்:

டீச்சர், முதலில் இந்த எபிசோடைப் பார்க்காதவர்களுக்காக நாலு வரி. 2014 அக்டோபர் 4 அன்று வந்தது, எட்டாவது சீசனின் ஏழாவது கதை. எழுதியவர் பீட்டர் ஹார்னஸ். நீலப் பெட்டியில் காலத்தில் பயணிக்கும் டாக்டராக பீட்டர் கபால்டி, அவரோடு பயணிக்கும் கிளாராவாக ஜென்னா கோல்மன். காலம் 2049. நிலாவின் எடை திடீரென்று 130 கோடி டன் கூடிவிட்டது, அதனால் பூமியில் கடல் பொங்கி ஊர்கள் மூழ்கிவிட்டன என்கிறார்கள். நூறு அணுகுண்டுகளோடு ஒரு ஷட்டில் நிலாவுக்குப் போகிறது. அங்கே போனால், நிலாவே ஒரு முட்டை, உள்ளே ஏதோ உயிர், பொரியப் போகிறது. கொல்வதா விடுவதா? "இது உங்கள் நிலா, நீங்களே முடிவு செய்யுங்கள்" என்கிற தோரணையில் டாக்டர் பெட்டியில் ஏறிப் போய்விடுகிறார்.

நம் ஊரில் நிலாவில் பாட்டி வடை சுடுகிறாள். அதை யாரும் கேள்வி கேட்டதில்லை, ஏனென்றால் பாட்டி எத்தனை படி உளுந்து ஊறப்போட்டாள் என்று கதை சொன்னவர் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் உங்களைப் போன்ற ஒருவர் அன்றைக்கே சிலேட்டை எடுத்திருப்பார். நீலப் பெட்டி எப்படிக் காலத்தில் போகிறது என்பதற்கு இந்தத் தொடர் 1963 முதல் ஒரு எண்ணைக்கூடக் கொடுத்ததில்லை. கொடுக்காத வரை அது பாட்டிக் கதை. 130 கோடி டன் என்று வாயைத் திறந்த நிமிடம், கணக்குப் போட்டுப் பார் என்று கதையே உங்களை அழைத்துவிட்டது. அழைத்தது அவர்கள், போனது நீங்கள். இதில் உங்கள் தவறு ஒன்றுமில்லை.

போட்டுத்தான் பார்ப்போமே. நிலாவின் நிறை 7.35 × 10²² கிலோ, அதாவது 7.35 × 10¹⁹ டன். அதை 130 கோடியால் வகுத்தால் 5,650 கோடி வரும். நிலா 5,650 கோடியில் ஒரு பங்கு கனத்துவிட்டது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் இதே விகிதத்தில் கனத்தால் அவருக்குக் கூடுவது ஒரு மைக்ரோகிராம், ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஓதத்தை, அதாவது கடலின் ஏற்ற இறக்கத்தை, உண்டாக்கும் விசை நிலாவின் நிறைக்கு நேர்விகிதம் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சென்னைக் கடற்கரையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே சுமார் ஒரு மீட்டர்தான் வித்தியாசம். அந்த ஒரு மீட்டரோடு இந்த 130 கோடி டன் சேர்ப்பது ஒரு ஹைட்ரஜன் அணுவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மெரினாவில் சுண்டல் விற்பவர் கூடையை நகர்த்த வேண்டியதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நிலாவில் இறங்கியதும் எல்லாரும் பூமியில் நடப்பதுபோலவே நடக்கிறார்கள், டாக்டர் யோயோவை விட்டுப் பார்த்து ஈர்ப்பு கூடியிருக்கிறது என்கிறார். அளவு மாறாமல் நிலாவில் பூமியின் ஈர்ப்பு வர வேண்டுமென்றால் நிறை ஆறு மடங்காக வேண்டும். கதை சொன்ன 130 கோடி டன்னைப்போல ஏறத்தாழ 28,000 கோடி மடங்கு சேர்ந்தால்தான் அது நடக்கும். உண்மையில் அந்தக் காட்சிகளை எடுத்தது ஸ்பெயினின் லான்சரோட்டே தீவில், எரிமலை நிலத்தில். கண்ணுக்கு நிலா மாதிரியே இருக்கிறது, குறை சொல்ல முடியாது.

முட்டைக்கு வருவோம். மூடிய முட்டை எடை கூடாது, குறையும். கோழி அடைகாக்கும் 21 நாளில் ஓட்டின் நுண்துளைகள் வழியாக ஈரம் வெளியேறி, 60 கிராம் முட்டை பொரியும் சமயத்தில் 53 கிராம் பக்கம் வந்து நிற்கும். நாமக்கல் பக்கம் பொரிப்பகம் நடத்துபவர்களுக்கு இது தினப்படி விஷயம். எடை போதுமான அளவு இறங்கவில்லை என்றால் ஈரப்பதம் அதிகம் என்று அர்த்தம், குஞ்சு ஓட்டுக்குள்ளேயே திணறும். (அதே நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கத்து அனார்த்தோசைட் பாறையைப் பொடித்துத்தான் இஸ்ரோ சந்திரயான் சோதனைகளுக்கு நிலா மண் தயாரித்தது. முட்டையும் நிலாவும் ஒரே மாவட்டத்தில் கிடைக்கும்போது பிபிசிக்காரர்கள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.)

ஆனாலும் எங்கள் பார்வையில் இந்த எபிசோடின் பெரிய ஓட்டை பௌதிகத்தில் இல்லை. வாக்கெடுப்பில் இருக்கிறது.

கிளாரா பூமிக்குப் பேசுகிறாள்: உயிர் பிழைக்கட்டும் என்றால் விளக்கை எரியவிடுங்கள், கொல்லலாம் என்றால் அணைத்துவிடுங்கள். நிலாவிலிருந்து பார்த்தால் ஒரே சமயத்தில் பூமியின் ஒரு பாதிதான் தெரியும், அதிலும் இருட்டில் இருக்கும் பகுதியில்தான் விளக்குக்கு அர்த்தம். சென்னையில் அப்போது பகல் பதினொரு மணி என்றால் நமக்கு ஓட்டே இல்லை. இரவாகவே இருந்தாலும், உங்கள் வீட்டு டியூப்லைட்டை அணைப்பது அங்கே தெரியாது. தெரிவது ஊரின் மொத்த வெளிச்சம். அதை அணைக்கக்கூடியவர் துணைமின் நிலையத்தில் சுவிட்ச் பக்கத்தில் நிற்பவர். ஆக ஓட்டுப் போட்டது மக்கள் என்பதைவிட மின்வாரியம் என்பதுதான் சரி. போகட்டும், அதையும் விட்டுவிடலாம். பூமி முழுக்க விளக்கு அணைகிறது. கொல் என்கிறார்கள். கிளாரா கடைசி நொடியில் குண்டை நிறுத்திவிடுகிறாள். கேட்டாள், பதில் வந்தது, பதிலைத் தூக்கிப் போட்டாள். குஞ்சு பொரிந்து பறக்கிறது, ஓடு யாருக்கும் சேதமில்லாமல் கரைந்துபோகிறது, பிறந்த கையோடு குஞ்சு அதே அளவு முட்டை ஒன்றைப் புதிதாக இட்டுவிட்டுப் போகிறது. யாருக்கும் எதுவும் நஷ்டமில்லை. கொல்லச் சொன்ன விண்வெளி வீராங்கனை லுண்ட்விக் உட்பட எல்லாரும் நன்றி சொல்கிறார்கள். எடைக்கணக்கில் காட்டிய அதே அலட்சியத்தைத்தான் தர்மசங்கடத்திலும் காட்டியிருக்கிறார்கள். உங்களை உறுத்தியது இதுவாகவும் இருக்கலாம், நீங்கள் அதற்குப் பௌதிகம் என்று பெயர் வைத்துவிட்டீர்கள்.

கடைசிச் சில நிமிடங்கள் மட்டும் இந்தக் கதையில் வேறு சரக்கு. பெட்டிக்குள் திரும்பிய கிளாரா, முன்பே தெரியுமா என்று கேட்கிறாள். முட்டை கூட்டை அழிக்காது என்பதுதான் தெரியும் என்கிற மாதிரி மழுப்புகிறார் டாக்டர். உன்மேல் வைத்த மரியாதையால்தான் முடிவை உன்னிடம் விட்டேன் என்கிறார். அந்த வார்த்தையில்தான் அவள் வெடிக்கிறாள். கோல்மனின் குரல் உடைவதையும், அப்போது கபால்டியின் முகத்தையும் மறுபடி பாருங்கள்: தான் செய்த தப்பு என்ன என்றே புரியாத பெரிய மனிதரின் முகம் அது. அவர் வாயைத் திறக்கத் திறக்க நிலைமை மோசமாகிறது. எபிசோட் முழுக்க யாரும் எதற்கும் விலை கொடுக்கவில்லை, இந்த ஓர் இடத்தில் ஒரு நட்பு விலையாகப் போகிறது. அதனால்தான் பிடிக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. கிளாராவும் டீச்சர்தான். கதை தொடங்குவதே அவளுடைய மாணவி கோர்ட்னியை டாக்டர் "நீ ஒன்றும் ஸ்பெஷல் இல்லை" என்று சொல்லிவிட்டதால், அதைச் சரிசெய்யச் சொல்லி கிளாரா மல்லுக்கு நிற்பதில்தான். பதினைந்து வயதுப் பெண் சுருண்டுபோன முகத்தை வகுப்பில் பார்த்த யாருக்கும் அந்தக் கோபம் புதிதில்லை. சிரித்ததும் நிஜம், அழுததும் நிஜம். இரண்டும் ஒரே எபிசோடின் வெவ்வேறு பகுதிகளுக்கு வந்தவை, அவற்றைக் கூட்டிச் சராசரி எடுக்க வேண்டிய அவசியமில்லை.

இனி மகள். நீங்கள் அழுததை அவளிடம் சொல்லவில்லை, அதுதான் வீட்டுச் சண்டையின் மொத்தக் காரணம். அவளுக்குத் தெரிந்தது சிரித்த அம்மா மட்டும். இந்த ஞாயிறு புது எபிசோட் வேண்டாம். கிளாரா பெட்டிக்குள் திரும்பும் இடத்திலிருந்து மட்டும் மறுபடி போடுங்கள். ரிமோட் அவள் கையில் இருக்கட்டும். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி: "டாக்டர் என்ன சொல்லியிருந்தா கிளாரா இவ்ளோ கோபப்பட்டிருக்க மாட்டா?" பிறகு அவள் பேசட்டும். கணக்கை அன்றைக்கு எடுக்காதீர்கள். இரண்டு நாள் கழித்து அவளே ஏதாவது கேட்டால் அந்த ஒரு மைக்ரோகிராமை மட்டும் சொல்லுங்கள், ஓதம், ஷட்டில், சிலந்தி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினால் மறுபடி எழுந்து போய்விடுவாள். இந்தக் கதையைக் கருக்கலைப்போடு பொருத்திப் பார்த்தவர்கள் நிறைய. அவள் அதைக் கேட்டால், கேட்ட அளவுக்கு நேராகப் பதில் சொல்லுங்கள், பேச்சை மாற்ற வேண்டாம்.

அறிவியல் மன்றத்தில் முழுதாகப் போடாதீர்கள். எபிசோட் 45 நிமிடம், உங்கள் பீரியட் 40. புரொஜெக்டர் வயரைச் செருகுவதற்குள் ஐந்து நிமிடம் போய்விடும், முட்டை பொரியும்போது மணி அடிக்கும், கணக்குக்கு நேரமே இருக்காது. நிலாவில் இறங்கி யோயோவை விடும் காட்சியை மட்டும் காட்டுங்கள், இரண்டு மூன்று நிமிடம் போதும். நிலாவின் நிறையையும் 130 கோடி டன்னையும் கரும்பலகையில் எழுதி வகுக்க விடுங்கள். லட்சம், கோடி, பில்லியன் மாற்றத்தில் பாதிப்பேர் ஒரு சைபரைத் தொலைப்பார்கள், அதனால் பத்தின் அடுக்கிலேயே போடச் சொல்லுங்கள்.

அடுத்து ஒரு ரப்பரை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து சுவர் ஓரமாக விட்டு, போனில் சாதாரண வீடியோவாக எடுக்கச் சொல்லுங்கள். பூமியில் அது விழ 0.45 விநாடி, நிலாவில் 1.1 விநாடி. அந்த வீடியோவை விஎல்சி பிளேயரில் 0.4 வேகத்தில் ஓட்டினால் ரப்பர் நிலாவில் விழுவதுபோல விழும். இங்கே இரண்டு தப்பு கண்டிப்பாக வரும். ஒருவன் போனின் ஸ்லோமோஷனில் எடுப்பான், அது முன்பே பல மடங்கு மெதுவாக்கப்பட்டது, கணக்கு உதைக்கும். இன்னொருத்தி ஈர்ப்பு ஆறில் ஒன்று என்பதால் வேகத்தையும் ஆறில் ஒன்றாகக் குறைப்பாள். நேரம் ஈர்ப்பின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் போவது, √6 கிட்டத்தட்ட 2.45. அந்தத் தப்பை அவளே கண்டுபிடிக்கட்டும், பாடப்புத்தகத்தில் பத்து தடவை படித்தாலும் அப்படிப் பதியாது. காகிதம், இறகுப்பந்து எல்லாம் வேண்டாம், காற்று கெடுத்துவிடும்.

தொடரை விட்டுவிடலாமா என்றால், இந்த இடத்தில் விடுவது மோசமான யோசனை. கிளாராவின் காதலன் டேனி கடைசியில் அவளிடம் சொல்வதன் சாரம் இதுதான்: இன்னும் கோபம் வருகிறதென்றால் நீ அவரோடு முடித்துக்கொள்ளவில்லை. உங்கள் கடிதமும் அப்படித்தான் இருக்கிறது. நட்பின் மறுபாதி அடுத்த எபிசோடில் இருக்கிறது. வேண்டுமானால் நடுவில் 2010-இன் 'தி பீஸ்ட் பிலோ'வை மறுபடி பாருங்கள். அதிலும் ஒரு பெரிய விண்வெளி விலங்கு, ஒரு வாக்குப்பெட்டி உண்டு, ஆனால் ஓட்டுப் போட்டவர்கள் எதை மறக்க விரும்பினார்கள் என்பதைக் கதை ஒளிக்கவில்லை. 2009-இன் 'தி வாட்டர்ஸ் ஆஃப் மார்ஸ்' இதே தர்மசங்கடத்தின் கடுமையான வடிவம். முடிவில் ஒரு தற்கொலை வருகிறது, அதனால் மகளோடு மறுபடி பார்ப்பதற்கு முன் அவள் இப்போது அதை எப்படி எடுத்துக்கொள்வாள் என்று நீங்கள் யோசித்துக்கொள்ளுங்கள். 1967-இன் 'தி மூன்பேஸ்' 2070-இல் நடக்கிறது. அப்படியானால் அந்தத் தளம் கட்டப்பட்டது இரண்டாவது முட்டையின் மேல். இதை உங்கள் மகளிடம் சொல்லுங்கள், சிரிப்பாள்.

அதற்கடுத்த ஞாயிறு 'மம்மி ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்'. அதிலும் ஓர் எண் உண்டு: மம்மியைப் பார்த்தவர் 66 விநாடியில் சாவார். கடிகாரம் திரையிலேயே ஓடும். ஸ்டாப்வாட்சை மகளிடம் கொடுத்துவிட்டு நீங்கள் பேசாமல் உட்காருங்கள்.