அமைதியாக இருந்தால் ஆர்வம் இல்லை என்று அர்த்தமா?

கேள்வி: கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் ஆறு வருடமாகக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மீட்டிங்கில் எனக்குப் பேச வராது. இந்த வருட அப்ரைசலில் 'ஈடுபாடு போதாது' என்று மேனேஜர் எழுதிவிட்டார். நிறையப் பேசுகிற சக ஊழியருக்குப் பதவி உயர்வு. நான் என் சுபாவத்தையே மாற்றிக்கொள்ள வேண்டுமா?
– ஒரு வாசகி

பதில்: வேண்டாம், சகோதரி.

உங்கள் நீண்ட கடிதத்தில் போகிறபோக்கில் ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்கள். 20-ஆம் தேதி ஜிஎஸ்டி ரிட்டர்ன். முந்தைய நாள், கொள்முதல் பதிவேட்டுக்கும், சப்ளையர்கள் ஏற்றிய பில்களைக் காட்டும் ஜிஎஸ்டி பட்டியலான 2பி-க்கும் கணக்கு உதைக்கிறது. இரவு எட்டரை வரை உட்கார்ந்து ஒவ்வொரு பில்லாகச் சரிபார்த்து, பில்லை ஏற்றாமல் விட்ட இரண்டு சப்ளையர்களைக் கண்டுபிடித்தீர்கள். மறுநாள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. படிக்கும்போது எனக்கு மனசே ஆறவில்லை. ஈடுபாடு என்பது வேறு என்ன?

ஆளுமையை ஐந்து பெரிய பண்புகளாகப் பார்க்கிறார்கள் உளவியலாளர்கள். கலகலப்பு அதில் ஒன்று. பொறுப்பாக, ஒழுங்காக வேலையை முடிக்கும் குணம் இன்னொன்று. பாரிக், மவுண்ட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 117 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 1991-இல் வெளியிட்டார்கள். அவர்கள் பார்த்த எல்லா வேலைப் பிரிவுகளிலும் திறமையோடு சேர்ந்தே வந்தது அந்தப் பொறுப்புணர்வுதான். கலகலப்பு முக்கியமாக விற்பனையிலும் நிர்வாகத்திலும் கைகொடுத்தது.

ஆனால் மேனேஜருக்கு உங்கள் மனசு தெரியாது. குனிந்த தலைதான் தெரியும். அதை ஆர்வமின்மை என்று எடுத்துக்கொண்டது அவருடைய தப்பு. இரவு எட்டரை வரை நடந்ததைச் சொல்லாமல் விட்டது உங்களுடைய தப்பு. அந்த சக ஊழியர்மேல் கோபப்படாதீர்கள். சிலருக்குப் பேசப் பேசத்தான் யோசனை வரும். உங்களுக்கு யோசித்து முடித்த பிறகுதான் பேச்சு வரும்.

அதனால் மீட்டிங்குக்கு முதல் நாள் சாயங்காலமே மேனேஜருக்கு மூன்று வரி மெயில் போடுங்கள்: 'இரண்டு சப்ளையர்களின் பில் 2பி-யில் வரவில்லை. போனில் பேசிவிட்டேன். அடுத்த மாதம் ஏற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.' எழுத்தில் நீங்கள் எவ்வளவு தெளிவானவர் என்பதற்கு உங்கள் கடிதமே சாட்சி. மறுநாள் அவரே உங்களைப் பார்த்துக் கேட்பார். பதில் சொன்னால் போதும்.

அப்புறம் அந்த அப்ரைசல். அதை அப்படியே விடாதீர்கள். அவர் தனியாக இருக்கும் நேரமாகப் பார்த்துப் போய், "எதை வைத்து இப்படி எழுதினீர்கள், சார்?" என்று கேளுங்கள். போகும்போது, அன்று இரவு டிக் அடித்த அந்த பில் பட்டியலையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.