வரவு மைக்ரோவாட், செலவு எவ்வளவு?

வாசகர் கேள்வி – பதில்

கே: இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்காக, ட்யூப்லைட் வெளிச்சத்திலேயே இயங்கும் வெப்பநிலை சென்சார் செய்கிறோம். 5 வோல்ட், 1 வாட் சோலார் பேனல், சொற்ப மின்சாரத்தைச் சேகரிக்கும் பி.க்யூ. 25570 ஐ.சி. உள்ள போர்டு, அதைச் சேமித்து வைக்க 1 ஃபாரட் சூப்பர் கெபாசிட்டர். இரண்டு நாள் லைட்டை அணைக்காமல் வைத்தும் கெபாசிட்டர் 0.4 வோல்ட்டைத் தாண்டவில்லை. ஐ.சி. போய்விட்டதா?
— பொறியியல் மாணவர்கள், கோவை

ப: ஐ.சி. நன்றாகத்தான் இருக்கும். இடிப்பது வரவு செலவுக் கணக்கு.

கெபாசிட்டர் பக்கம் சுமார் 1.8 வோல்ட் ஏறும்வரை இந்த ஐ.சி.யின் முக்கிய பூஸ்ட் கன்வெர்ட்டர் (வோல்ட்டேஜை உயர்த்தும் சுற்று) வேலையே செய்யாது. அதுவரை கோல்ட் ஸ்டார்ட் எனும் ஒரு முரட்டுச் சுற்றுதான் ஓடும். அதன் திறன் ஏறக்குறைய 5 சதவீதம். ட்யூப்லைட் வெளிச்சத்தில் உங்கள் பேனல் 60 மைக்ரோவாட் தருகிறது (மைக்ரோவாட் என்பது வாட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்று வைத்துக்கொண்டால், கெபாசிட்டருக்குப் போய்ச் சேர்வது 3 மைக்ரோவாட். 1 ஃபாரட்டை 1.8 வோல்ட்டுக்கு ஏற்ற 1.62 ஜூல் வேண்டும். வகுத்துப் பாருங்கள்: 5,40,000 விநாடி, அதாவது 6 நாளுக்கும் மேல். அந்த 6 நாளும் கெபாசிட்டர் கசியாமல் இருந்தால்! புது சூப்பர் கெபாசிட்டர் முதல் சில நாள் பல மைக்ரோஆம்பியர் விழுங்கும். வருகிற 3 மைக்ரோவாட்டைக் கசிவு தின்றுவிடும் இடத்தில் வோல்ட்டேஜ் நின்றுபோகிறது. நீங்கள் பார்க்கும் 0.4 அதுதான்.

உடனடி வழி: இரண்டு ஏஏ பேட்டரியைத் தொடராக வைத்து, 100 ஓம் ரெசிஸ்டர் வழியாகக் கெபாசிட்டரை 2.5 வோல்ட்டுக்கு ஏற்றிக்கொண்டு, அதன் பிறகு போர்டில் இணையுங்கள். சில நிமிட வேலை. கோல்ட் ஸ்டார்ட்டையே தாண்டிவிடலாம்.

நிரந்தர வழி இரண்டு. முதலில் பேனலை மாற்றுங்கள். வெயிலுக்குச் செய்த கிறிஸ்டலைன் பேனலுக்குள் இருக்கும் கசிவு, வெயிலில் பொருட்டே அல்ல. ட்யூப்லைட்டில் கிடைக்கும் சொற்ப மின்னோட்டத்துக்கு அது பெரிய ஓட்டை. கால்குலேட்டரில் பார்த்திருப்பீர்களே, பழுப்பு நிற அமார்ஃபஸ் சிலிக்கான் துண்டு, அதுதான் அறைக்குள் சரிப்படும். இன்னொரு ஆபத்தும் உண்டு. 5 வோல்ட் பேனலை லோடு இல்லாமல் வெயிலில் காட்டினால் 6 வோல்ட்வரை போகும். இந்த ஐ.சி.யின் உள்ளீட்டு வரம்பு 5.1 வோல்ட். சோதித்துப் பார்க்கிறேன் என்று மொட்டைமாடிக்கு எடுத்துப் போய்விடாதீர்கள்.

இரண்டாவது, 1 ஃபாரட் எதற்கு? சென்சார் 10 நிமிடத்துக்கு ஒருமுறை 3 வோல்ட்டில் 30 மில்லிஆம்பியரை 50 மில்லிவிநாடி இழுக்கிறது என்றால், ஒரு தடவைக்கு 4.5 மில்லிஜூல், சராசரி 7.5 மைக்ரோவாட். தூங்கும்போது 2 மைக்ரோஆம்பியர் என்றால் இன்னொரு 6. மொத்தம் 13.5 மைக்ரோவாட். விளக்கு அணைந்திருக்கும் 14 மணி நேரத்துக்கு 0.68 ஜூல் போதும். 0.22 ஃபாரட் கெபாசிட்டர் 4.2 வோல்ட்டிலிருந்து 2.5க்கு இறங்கும்போது 1.25 ஜூல் தரும். மிச்சம் கசிவுக்கு. 0.1 ஃபாரட் வாங்கினால் 0.57 ஜூல்தான், விடியற்காலையில் சென்சார் செத்துக் கிடக்கும்.

அளக்கும்போது ஒன்று: 16 விநாடிக்கு ஒருமுறை பேனல் வோல்ட்டேஜ் கால் விநாடி எகிறி இறங்கும். பழுது அல்ல, ஐ.சி. சார்ஜிங்கை நிறுத்திவிட்டுப் பேனலின் திறந்த வோல்ட்டேஜைப் பார்த்துக்கொள்கிறது. ஊசி மீட்டரை மட்டும் கெபாசிட்டர்மேல் மாட்டி வைக்காதீர்கள். 10 வோல்ட் ரேஞ்சில் அது 200 கிலோஓம். 4 வோல்ட்டில் 20 மைக்ரோஆம்பியர் குடிக்கும். அதாவது 80 மைக்ரோவாட், உங்கள் சென்சாரைப் போல ஆறு மடங்கு!

கே: எல்.எம். 2596 பக் கன்வெர்ட்டர் மாட்யூலில் 12 வோல்ட்டை 5 ஆக்கி எடுக்கிறேன். 3 ஆம்பியர் என்று விற்றார்கள். 2 ஆம்பியர் இழுத்தாலே விரல் வைக்க முடியவில்லை.
— எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக், மதுரை

ப: சூடு கொஞ்சம் நியாயமானது, கொஞ்சம் ஏமாற்று.

நியாயமானது: இந்த ஐ.சி.க்குள் இருப்பது பைபோலார் ஸ்விட்ச். ஆன் ஆகும்போதும் அதன்மேல் ஏறத்தாழ 1 வோல்ட் நிற்கும். 2 ஆம்பியரில், நேரத்தில் 42 சதவீதம் ஆன் என்றால் 0.8 வாட்டுக்கு மேல் அதிலேயே போகிறது. மீதி நேரம் டையோடு வழியாக ஓடும்போது இன்னொரு அரை வாட். ஸ்விட்சிங், காயில் இழப்பும் சேர்ந்து 2 வாட்டைத் தாண்டும். தபால்தலையைவிடச் சற்றுப் பெரிய போர்டு அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டும்?

ஏமாற்று: அசல் ஐ.சி. 150 கிலோஹெர்ட்ஸில் ஓடும். மலிவு மாட்யூல்களில் அதே பெயர் அச்சிட்ட நகல்கள் 50 கிலோஹெர்ட்ஸ் சுற்றில் ஓடுவது சகஜம். ஆசிலோஸ்கோப்பை 2ஆம் பின்னில் வைத்துப் பாருங்கள். ஒரு சுற்று 6.7 மைக்ரோவிநாடி என்றால் அசல், 20 வந்தால் நகல். போர்டில் இருப்பதோ 150 கிலோஹெர்ட்ஸுக்குக் கணக்கிட்ட 33 மைக்ரோஹென்றி காயில். அசலில் அதில் ஏறி இறங்கும் மின்னோட்டம் 0.6 ஆம்பியர், நகலில் 1.8. ஆகவே நீங்கள் 2 ஆம்பியர் இழுக்கும்போது காயில் உச்சத்தில் 2.9 ஆம்பியர் சுமக்கிறது. காயிலின் ஃபெரைட் கரு அதற்குமேல் காந்தம் ஏற்காமல் நிறைந்துபோய்க் காயிலும் சுடும், ஐ.சி.யும் சுடும், வெளியீட்டுக் கெபாசிட்டரும் உப்பும்.

100 மைக்ரோஹென்றி, 4 ஆம்பியர் காயிலாக மாற்றினால் தப்பிக்கலாம். ஆனால் 2 ஆம்பியர் நாள் முழுக்க வேண்டுமென்றால், டையோடுக்குப் பதில் மாஸ்ஃபெட் (இழப்பு குறைந்த டிரான்சிஸ்டர் ஸ்விட்ச்) வைத்த சிங்க்ரோனஸ் பக் மாட்யூலுக்குப் போய்விடுவதே மேல். ஸ்கோப்பில் ரிப்பிள் (வெளியீட்டு வோல்ட்டேஜின் சிற்றலை) பார்க்கும்போது புரோபின் நீண்ட கிரவுண்ட் வயரைக் கழற்றிவிட்டு, முனையில் மாட்டும் குட்டி ஸ்பிரிங்கைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் அந்த வயரே ஏரியலாகி, இல்லாத ஊசிகளைத் திரையில் காட்டும்.

கே: விறகடுப்புப் பக்கத்தில் பெல்டியர் தகடு ஒட்டி எல்.இ.டி. எரிய வைத்தோம். ஐந்து நிமிடம் நன்றாக எரிந்து மங்கி அணைந்துவிட்டது. தகடு கெட்டுவிட்டதா?
— பள்ளி ஆசிரியை, தருமபுரி

ப: தகட்டின் மறுபக்கமும் சூடேறிவிட்டது. மின்சாரம் தருவது சூடு அல்ல. இரு பக்கத்துக்கும் உள்ள வெப்ப வித்தியாசம். கடையில் கிடைக்கும் 40 மில்லிமீட்டர் சதுரத் தகடு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்குத் தோராயமாக 0.05 வோல்ட் தரும். அடுப்புப் பக்கம் 120, வெளிப்பக்கம் 35 என்றிருக்கையில் 4 வோல்ட்டுக்கு மேல். வெளிப்பக்கமும் 100 ஆனதும் 1 வோல்ட். வெள்ளை எல்.இ.டி.க்கு 3 வோல்ட் அளவில் வேண்டுமே.

வெளிப்பக்கத்தில் தட்டையான அடியுள்ள அலுமினியப் பாத்திரத்தில் 1 லிட்டர் தண்ணீர் வையுங்கள். 60 டிகிரி வித்தியாசத்தில் இந்தத் தகடு வழியாக 30 வாட் அளவு வெப்பம் பாயும். தண்ணீர் ஒரு டிகிரி ஏற இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒரு வேளைச் சமையலுக்குத் தாங்கும். தகட்டின் உள்தடை சுமார் 2 ஓம் என்பதால் லோடில் கிடைப்பது அதிகபட்சம் 1 வாட். எல்.இ.டி.க்கு முன்னால் ஒரு பூஸ்ட் கன்வெர்ட்டர் வைத்தால், வித்தியாசம் குறைந்த பிறகும் வெளிச்சம் குறையாது. இரு பக்கமும் தெர்மல் பேஸ்ட் மெல்லிசாகப் பூசுங்கள். நெருப்பில் நேராக வைக்க வேண்டாம். இவ்வகைத் தகடுகள் பலவற்றில் உள்ளே இருக்கும் ஈயப்பற்று 138 டிகிரியில் உருகிவிடும்.

கே: காற்றில் இருக்கும் வைஃபை அலையிலிருந்து மொபைலை சார்ஜ் செய்யலாம் என்கிற வீடியோ உண்மையா?
— வாசகர், திருச்சி

ப: ரவுட்டர் அனுப்புவது 100 மில்லிவாட் என்று கொள்வோம். 3 மீட்டர் தள்ளி ஒரு சாதாரண ஆன்டெனாவில் சிக்குவது 1 மைக்ரோவாட் அளவு. அவ்வளவு குறைவான அலையில், அதை டி.சி. ஆக்க வேண்டிய டையோடு சரியாகத் திறக்கவே திறக்காது. முழுவதும் கிடைத்தாலும் 5000 மில்லிஆம்பியர்-ஹவர் பேட்டரி நிரம்ப இரண்டாயிரம் ஆண்டு ஆகும். வீடியோவில் மேசைக்கடியில் என்ன வயர் போகிறது என்று பாருங்கள்.

கே: மிதித்தால் மின்சாரம் தரும் தகடுகளை ரயில் நிலையத்தில் மக்கள் நடக்கும் தரையில் பதித்து மின்சாரம் எடுத்தால் என்ன?
— ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர், விருதுநகர்

ப: 60 கிலோ மனிதர் மிதிக்கும்போது தரை 5 மில்லிமீட்டர் இறங்கினால் அதிகபட்சம் 3 ஜூல். 50,000 மிதிக்கு 1,50,000 ஜூல். ஒரு யூனிட் 36 லட்சம் ஜூல் என்பது உங்களுக்குத் தெரியாததா? 24இல் ஒரு பங்கு யூனிட்கூடத் தேறாது, கன்வெர்ட்டர் இழப்பு தனி. அதுவும் இலவசமில்லை: மணலில் நடப்பதுபோல, நடப்பவர் காலிலிருந்து வருகிறது.

மனித உடல் தரும் ஆற்றல் சரியாகப் பொருந்துகிற இடம் சுவிட்ச். ஜெர்மனியின் என்ஓஷன் நிறுவனத்தின் சுவிட்சுகளில் பேட்டரி இல்லை, சுவருக்குள் வயரும் இல்லை. விரலால் அழுத்தும்போது உள்ளே காந்தப்புலம் சட்டென்று திசை மாறி, காயிலில் நூறு, இருநூறு மைக்ரோஜூல் பிறக்கிறது. விளக்குக்கு ரேடியோ சிக்னல் அனுப்ப அது தாராளம்.